பார்த்துக்கொண்டதற்காகப் பணம் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தது சட்டப்படி செல்லுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவை நான்கு ஆண்டுகள் உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டீர்கள். அதில் பெரும்பாலான உழைப்பு உங்கள் மனைவியுடையது. சித்தப்பாவின் ஒரே மகன், உங்களுக்குத் தம்பி முறை, வெளிநாட்டில் இருந்தார். சித்தப்பா காலமாகிக் காரியம் முடிந்த கையோடு, 20 ரூபாய் முத்திரைத்தாளில் 'அப்பாவைப் பார்த்துக்கொண்டதற்காக 3 லட்சம் ரூபாய் தருகிறேன்' என்று உங்கள் பெயருக்கு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் ஆகியும் தரவில்லை. அந்தப் பணத்தை நம்பி நீங்கள் ஒரு கடைக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டீர்கள். இப்போது அவர், முடிந்துபோன வேலைக்குப் பின்னால் கொடுத்த வாக்கில் மறுபயன் (வாக்குக்கு ஈடாக மறுபக்கத்திலிருந்து வருவது) இல்லை, அது செல்லாது என்று தன் வக்கீல் சொல்வதாகச் சொல்கிறார். ஒரு லட்சம் வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். 'பத்திரம் கையில் இருக்கிறதே, போதாதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். பத்திரம் மட்டும் போதாது. ஆனால் அவருடைய வக்கீல் சொன்னதாகச் சொல்லும் வாதமும் நம் நாட்டுச் சட்டத்தின்படி அரைகுறையானது. நீங்கள் செய்ததை யார் கேட்டுச் செய்தீர்கள், யாருடைய கடமையைச் சுமந்தீர்கள் என்ற இரண்டையும் பொறுத்துத்தான் இந்த வழக்கு நிற்கும்.

பத்திரத்தைப் பற்றிய மயக்கத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். முத்திரைத்தாள், சாட்சிகளின் கையெழுத்து, நோட்டரி முத்திரை எல்லாம் வாக்கு கொடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று. அந்த வாக்கை நீதிமன்றம் நிறைவேற்றித் தருமா என்பது தனிக் கேள்வி. மறுபயன் இல்லாத உடன்பாடு செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவில் சொல்லி, கூடவே மூன்று விலக்குகளையும் தருகிறது. இங்கிலாந்தில் உரிய முறைப்படி செய்த சாசனமாக வாக்கை எழுதிக் கொடுத்தால் மறுபயன் இல்லாமலே அது கட்டுப்படுத்தும். அப்படி ஒரு பொதுவான வழி நம் சட்டத்தில் கிடையாது. மறுபக்கம், மறுபயன் இருக்கும் வாய்வழி வாக்குகூடப் பொதுவாகச் செல்லும். அதை நிரூபிப்பதுதான் பாடு.

மறுபயன் என்றால் என்ன என்பதை 2(டி) பிரிவு வரையறுக்கிறது. பழைய பத்திரங்களில் பிரதிபலன், பிரதிபிரயோஜனம் என்று எழுதுவதும் இதைத்தான். வாக்கு கொடுப்பவரின் விருப்பத்தின் பேரில், வாக்கு பெறுபவரோ வேறு எவருமோ ஒன்றைச் செய்திருந்தாலும், செய்யாமல் விட்டிருந்தாலும், இப்போது செய்தாலும் விட்டாலும், இனிமேல் செய்வதாகவோ விடுவதாகவோ சொன்னாலும், அதுவே அந்த வாக்குக்கு மறுபயன். இந்த ஒரே வாக்கியத்தில் உங்களுக்கு முக்கியமான மூன்று செய்திகள் இருக்கின்றன.

முதல் செய்தி, 'வாக்கு கொடுப்பவரின் விருப்பத்தின் பேரில்' என்பது. 1880-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், ஒருவர் மாவட்ட ஆட்சியரின் உத்தரவுப்படி தன் செலவில் ஒரு சந்தையைக் கட்டினார். அங்கே கடை வைத்தவர்கள் விற்பனையில் அவருக்குக் கமிஷன் தருவதாக வாக்கு கொடுத்துவிட்டுப் பிறகு மறுத்தார்கள். அவர் செலவு செய்தது உண்மை, கடைக்காரர்கள் பயன் அடைந்ததும் உண்மை. ஆனாலும் கட்டச் சொன்னவர் ஆட்சியர், கடைக்காரர்கள் அல்லர் என்பதால் வழக்கு தோற்றது. பயன் பெற்றாரா என்பதற்கு முன்னால், அவர் கேட்டாரா என்று நீதிமன்றம் பார்க்கும்.

இரண்டாவது, 'செய்திருந்தாலும்' என்ற இறந்தகாலம். உங்கள் தம்பியின் வாதம் இங்கேதான் பலவீனப்படுகிறது. முடிந்த காரியம் பின்னால் வரும் வாக்குக்கு மறுபயன் ஆகாது என்பது இங்கிலாந்துச் சட்டத்தின் பொது விதி. அங்கேயும், முன்கூட்டியே கேட்டுக்கொண்டதன் பேரில், ஊதியம் கிடைக்கும் என்ற புரிதலோடு செய்த வேலைக்கு விலக்கு உண்டு. நம் சட்டத்திலோ வரையறைக்குள்ளேயே இறந்தகாலம் இருக்கிறது. கேட்டதன் பேரில் செய்த பழைய வேலை நல்ல மறுபயனே. ஆகவே நான்கு ஆண்டுகளில் ஏதாவது ஒரு கட்டத்தில், 'அண்ணா, நான் வரும்வரை அப்பாவை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்' என்ற பொருளில் தம்பி சொன்னதற்குச் சான்று இருந்தால், வழக்கின் பாதிச் சுமை குறைந்துவிடும். பழைய வாட்ஸ்அப் செய்திகள், மின்னஞ்சல், குரல் பதிவு, மருந்துச் செலவுக்கு அவர் இடையிடையே அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கு விவரம், மருத்துவமனைப் படிவத்தில் அவர் சொல்லி நீங்கள் போட்ட கையெழுத்து என எல்லாவற்றையும் தேடுங்கள். செல்பேசியில் இருப்பதை அழிக்காதீர்கள், பழைய செல்பேசியை விற்றுவிடாதீர்கள். மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் காட்ட, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் அச்சுப் பிரதியோடு போனால் அது சான்றாக ஏற்கப்படாமலே போகலாம்.

மூன்றாவது, 'வேறு எவருமோ' என்ற சொற்கள். உழைத்தது மனைவி, பத்திரம் உங்கள் பெயரில் என்பது இந்த வழியில் தடையாகாது. இதை நிலைநாட்டியது நம் சென்னை உயர் நீதிமன்றம்தான். 1882-இல் முடிவான சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கில், ஒரு தாய் தன் சொத்தை மகளுக்குத் தானமாகக் கொடுத்து, தன் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தர வேண்டும் என்று பணித்திருந்தார். மகளும் அப்படியே தருவதாக உறவினருக்குத் தனியே எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு, 'உங்களிடமிருந்து எனக்கு எதுவும் வரவில்லையே' என்றார். மறுபயன் தாயிடமிருந்து வந்திருந்தாலும் போதும் என்பது தீர்ப்பு. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த உறவினருக்கு மகள் நேரடியாக எழுதிக் கொடுத்திருந்தார். ஒப்பந்தத்தில் தரப்பினராகவே இல்லாத மூன்றாம் நபர் பொதுவாக வழக்குப் போட முடியாது. உங்கள் பத்திரத்தில் பெயர் உங்களுடையது என்பதால், வழக்கு உங்கள் பெயரில்தான் போக வேண்டும். மனைவி சாட்சி சொல்லலாம்.

தம்பி எப்போதுமே கேட்கவில்லை, நீங்களாகவே மனம் இரங்கிச் செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கதவு மூடவில்லை. 25-ஆம் பிரிவின் இரண்டாவது விலக்கு இதற்காகவே இருக்கிறது. வாக்கு கொடுப்பவருக்காகத் தன் விருப்பத்தால் ஏற்கெனவே ஒன்றைச் செய்தவருக்கோ, வாக்கு கொடுப்பவர் சட்டப்படி செய்தே ஆக வேண்டியிருந்த ஒன்றைச் செய்தவருக்கோ, ஈடாகத் தருவதாகச் சொன்ன வாக்கு மறுபயன் இல்லாமலே செல்லும். சட்டமே இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. ஒருவர் தொலைத்த பணப்பையை இன்னொருவர் கண்டெடுத்துக் கொடுக்கிறார், உரியவர் 50 ரூபாய் தருவதாகச் சொல்கிறார், அது ஒப்பந்தம். ஒருவருடைய குழந்தையை வேறொருவர் பராமரிக்கிறார், தந்தை அந்தச் செலவைத் தருவதாகச் சொல்கிறார், அதுவும் ஒப்பந்தம். இரண்டாவது எடுத்துக்காட்டில் குழந்தை இருக்கும் இடத்தில் வயதான தந்தையை வைத்துப் பாருங்கள், உங்கள் நிலைமை தெரியும்.

இந்த விலக்கின் இரண்டு பாதிகளையும் தனித்தனியே எடைபோட வேண்டும். முதல் பாதியில் 'வாக்கு கொடுப்பவருக்காக' என்று இருக்கிறது. 'என் அப்பாவுக்காகச் செய்தார்கள், எனக்காக அல்ல' என்று எதிர்த்தரப்பு சொல்லும். நீதிபதி அதை ஏற்கவும் இடம் உண்டு. இரண்டாவது பாதி உங்களுக்கு உறுதியானது என்று நினைக்கிறேன். தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத தந்தையைப் பராமரிக்கும் சட்டக் கடமை மகனுக்கு உண்டு. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும், எல்லா மதத்தினருக்கும் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் அதைச் சொல்கின்றன. ஆனால் 'காப்பாற்றிக்கொள்ள முடியாத' என்ற நிபந்தனையில்தான் சிக்கல் இருக்கிறது. சித்தப்பாவுக்குப் போதுமான ஓய்வூதியமோ வாடகை வருமானமோ இருந்திருந்தால், அவருக்குப் பணம் கொடுக்கும் கடமை மகனுக்கு எழவே இல்லை என்று வாதாடலாம். அவருடைய வருமானம் எவ்வளவு, மருத்துவத்துக்கும் உணவுக்கும் நீங்கள் போட்டது எவ்வளவு என்று ரசீதுகளோடு கணக்கு எழுதி வையுங்கள்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு, பலர் கவனிக்காமல் விடுவது. 2(டி) 'வேறு எவருமோ' என்கிறது. 25-இன் இரண்டாவது விலக்கோ, செய்தவருக்கே ஈடு தரும் வாக்கைப் பற்றிப் பேசுகிறது. மனைவி மட்டும் உழைத்தார், உங்களுக்கு வாக்கு என்ற நிலையில் இந்த விலக்கு முழுமையாகப் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளலாம். எனவே வீடு உங்களுடையது, செலவு உங்களுடையது, மருத்துவமனைக்கு அழைத்துப்போனது நீங்கள் என்பதையெல்லாம் நோட்டீஸிலும் வழக்குரையிலும் தெளிவாக எழுத வேண்டும். 'என் மனைவிதான் எல்லாம் செய்தாள்' என்று பெருந்தன்மையாக எழுதிவிட்டால் அந்த வாக்கியமே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

முதல் விலக்கு, அதாவது நெருங்கிய உறவினரிடையே இயல்பான அன்பினால் கொடுத்த வாக்கு, உங்களுக்கு உதவாது. அது எழுத்தில் இருந்தால் போதாது, பதிவும் செய்யப்பட்டிருக்க வேண்டும். உங்கள் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகவில்லை. உறவு இருந்தாலே அன்பு இருந்ததாகக் கொள்ள முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். 1900-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் பார்த்த வழக்கில், கணவர் மனைவிக்குப் பணம் தருவதாகப் பதிவுசெய்து கொடுத்த பத்திரத்திலேயே இருவருக்கும் இருந்த சண்டைகள் எழுதப்பட்டிருந்தன. இதில் அன்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

'நீங்களும் உறவுக்காரர்தானே, உங்கள் கடமையைத்தானே செய்தீர்கள்' என்ற வாதமும் வரும். ஏற்கெனவே சட்டப்படி செய்தே ஆக வேண்டியதைச் செய்வது மறுபயன் ஆகாது என்பது சரியான விதி. 1877-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், வழக்கை ஏற்றுக்கொண்ட வக்கீலுக்குக் கட்சிக்காரர் பிறகு கூடுதலாகத் தருவதாகச் சொன்ன வெகுமதிக்கு மறுபயன் இல்லை என்றது இதே அடிப்படையில்தான். உங்களுக்கு அந்த விதி பொருந்தாது. அண்ணன் மகனுக்குச் சித்தப்பாவைப் பராமரிக்கும் சட்டக் கடமை இல்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் உறவினர்மேல் பொறுப்பு வைப்பது, பிள்ளை இல்லாத மூத்த குடிமகனின் சொத்தை அனுபவிப்பவர் அல்லது வாரிசாக அடையக்கூடியவர்மேல் மட்டும். சித்தப்பாவுக்கு மகன் இருந்தார். உங்களுடையது மனசாட்சிக் கடமை. அதைச் சட்டக் கடமையாக அவர்கள் காட்ட முடியாது.

3 லட்சம் அதிகம் என்ற பேச்சு எடுபடாது. மறுபயன் வாக்குக்குச் சமமான மதிப்பில் இருக்க வேண்டியதில்லை. 1,000 ரூபாய் பெறுமான குதிரையை 10 ரூபாய்க்கு விற்கச் சம்மதித்தாலும் ஒப்பந்தமே என்று சட்டத்தின் எடுத்துக்காட்டே சொல்கிறது. சம்மதம் தானாகக் கொடுக்கப்பட்டதா என்ற சந்தேகம் எழுந்தால் மட்டும் அந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுப்பார்கள். காரியம் முடிந்த கையோடு, உறவினர் சூழ்ந்திருந்தபோது எழுதியது என்பதால், 'வற்புறுத்தி எழுதி வாங்கினார்கள்' என்ற குற்றச்சாட்டுக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அமைதியான மனநிலையில் அவர் 'தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்' என்று அனுப்பிய செய்தி ஏதேனும் இருந்தால் அதுவே நல்ல மறுப்பு.

கடை அட்வான்ஸ் விஷயத்தில் உங்களுக்குச் சாதகமாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வாக்கை நம்பி ஒருவர் தானாகச் செய்த செலவு மறுபயன் ஆகாது. அந்தச் செலவைச் செய்யும்படி மற்றவர் கேட்டிருக்க வேண்டும். 1886-இல் ஹௌராவில் நகர மண்டபம் கட்ட 100 ரூபாய் நன்கொடை எழுதியவர் அந்தப் பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது, அந்தக் கையெழுத்துகளை நம்பித்தான் ஒப்பந்ததாரரிடம் வேலை ஒப்படைக்கப்படுகிறது என்று தெரிந்தே அவர் கையெழுத்திட்டதால். 1914-இல் அலகாபாத்தில், மசூதி சீரமைப்புக்கு 500 ரூபாய் தருவதாகச் சொன்னவரை நம்பி எந்த வேலையும் தொடங்கப்படவில்லை, வழக்கு தோற்றது. உங்கள் கடையைப் பற்றித் தம்பிக்குத் தெரியவே தெரியாது என்றால், நீங்கள் முதல் வழக்குக்குப் பக்கத்தில்கூட இல்லை. வாக்கை நம்பி ஒருவர் நடந்துகொண்ட பிறகு வாக்கு கொடுத்தவர் பின்வாங்கக் கூடாது என்னும் வாக்குறுதி முரண்தடை என்ற கோட்பாடு இருப்பது உண்மை, 1979-இல் உச்ச நீதிமன்றம் மோதிலால் பதம்பத் வழக்கில் அதை விரிவாகப் பேசியதும் உண்மை. ஆனால் அது பெரும்பாலும் அரசுக்கு எதிராக வளர்ந்த கோட்பாடு. குடும்பத்துக்குள் நடக்கும் பண வழக்கை அதன்மேல் மட்டும் நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நிச்சயமாகச் சொல்ல முடியாத இடங்கள் இரண்டு. ஒன்று, குடும்பத்துக்குள் கொடுத்த வாக்கில் சட்டப்படி கட்டுப்படும் எண்ணம் இருந்ததா என்ற கேள்வி. தொகையைக் குறிப்பிட்டு, முத்திரைத்தாள் வாங்கி எழுதியது உங்களுக்குச் சாதகம். இருந்தாலும் இது நீதிபதியின் மதிப்பீட்டுக்கு உட்பட்டது. இன்னொன்று, பத்திரத்தின் வகை. குறிப்பிட்ட நபருக்குக் குறிப்பிட்ட தொகையை நிபந்தனையின்றித் தருகிறேன் என்று மட்டும் எழுதியிருந்தால், அது புரோநோட்டு என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். புரோநோட்டுக்கு மறுபயன் இருப்பதாகச் சட்டமே அனுமானிக்கும் என்பது நன்மை. ஆனால் உரிய முறையில் முத்திரையிடப்படாத புரோநோட்டை, மற்றப் பத்திரங்களைப் போல அபராதம் கட்டிக்கூடச் சான்றாக ஏற்கச் செய்ய முடியாது. பத்திரத்தின் மூல வாசகத்தை ஒரு சிவில் வக்கீல் வரிவரியாகப் படித்தே இதைச் சொல்ல முடியும். என் பதில் அதற்கு மாற்று ஆகாது.

இனி அந்த ஒரு லட்சம். இதில் அவசரப்பட்டால் மிச்சத்தை இழப்பீர்கள். கடனில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மிச்சத்தை விட்டாலும் மிச்சத்தைப் பிறகு கேட்கலாம் என்ற பழைய விதி இங்கிலாந்தினுடையது. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டு குறைந்த தொகையை வாங்கினால் மொத்தக் கடனும் தீர்ந்துவிடும். அதற்கு மறுபயனே தேவையில்லை. அதனால் 'கணக்கு முடிந்தது', 'இனி பாக்கி இல்லை' என்று எழுதிய எதிலும் யோசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். பகுதிப் பணமாக வாங்குவதாக இருந்தால், 'இன்ன தேதியிட்ட பத்திரத்தின்படி தர வேண்டிய 3 லட்சத்தில் ஒரு பகுதியாக இந்த 1 லட்சத்தைக் கொடுக்கிறேன்' என்று அவர் தன் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வங்கி வழியாக வாங்குங்கள். காலவரையறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, கெடு முடிவதற்குள் இப்படிப் பகுதிப் பணம் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும்.

சமரசமாகவே முடிக்க விரும்பினால் அதற்கும் நல்ல வழி உண்டு. நேர்மையான நம்பிக்கையோடு வைத்திருக்கும் ஓர் உரிமைக் கோரிக்கையைக் கைவிடுவதும், வழக்குப் போடாமல் இருக்கச் சம்மதிப்பதும் நல்ல மறுபயன். பழைய வாக்கின் பலம் சந்தேகமாக இருந்தாலும், 'நீங்கள் வழக்குத் தொடராமல் இருப்பதற்காக, இத்தனை ரூபாயை இந்தத் தேதிகளில் தருகிறேன்' என்று இருவரும் கையெழுத்திடும் புதிய ஒப்பந்தம் தன் காலில் நிற்கும். அதில் தொகை, தவணைத் தேதிகள், ஒரு தவணை தவறினால் மொத்தமும் உடனே தர வேண்டும் என்ற நிபந்தனை, எல்லாத் தவணையும் வந்த பிறகுதான் பழைய பத்திரம் ரத்தாகும் என்ற வரி ஆகியவை இருக்கட்டும். 'அன்பினால் தருகிறேன்' என்று மட்டும் எழுதவே வேண்டாம். பதிவு செய்யாத பத்திரத்தில் அந்தச் சொல் மறுபயனைத் துடைத்துவிடும்.

காலம் குறைவாகவே இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறியதற்கான பண வழக்குக்குக் கெடு மூன்று ஆண்டு. உங்கள் பத்திரத்தில் கொடுக்க வேண்டிய தேதி இல்லாததால், எந்த நாளில் மீறல் நடந்தது என்று வாதாட இடம் உண்டு. அந்த வாதத்தை நம்பாமல், பத்திரத் தேதியிலிருந்தே மூன்று ஆண்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். கெடுவுக்குள் பொறுப்பை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டால் காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி கெடு புதுப்பிக்கப்படும். கெடு கடந்த பிறகு வெறும் ஒப்புதல் உதவாது. அப்போது ஒப்பந்தச் சட்டம் 25-இன் மூன்றாவது விலக்கின்படி, தருகிறேன் என்று தெளிவாகச் சொல்லும் கையெழுத்திட்ட புதிய எழுத்து வாக்கு வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதால் கெடு நிற்காது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதாலும் நிற்காது. இரண்டு ஆண்டுகள் போய்விட்டன என்று நீங்களே சொல்கிறீர்கள். பத்திரத் தேதியை இன்றே பார்த்து, சான்றுகளைத் திரட்டிக்கொண்டு, நோட்டீஸுக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்தாலும் வழக்குத் தாக்கல் செய்யப் போதிய நாட்கள் மிஞ்சும்படி வக்கீலைப் பாருங்கள்.